பின்லாந்துப் பள்ளிகளில் தகவல் எழுத்தறிவு: முதலிடம் சரி, வகுப்பில் என்ன நடக்கிறது?

எஸ்போகார்த்தி:

"பொய்ச் செய்தியைப் பிடிப்பதில் பின்லாந்துதான் முதலிடம், அந்தப் பிள்ளைகளை அடிக்க ஆளில்லை, பாலர் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்" என்ற கட்டுரை திரும்பவும் எல்லா வாட்ஸப் குழுக்களிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. என் மாமாகூட அனுப்பி, "உங்க ஊர்ல இப்படியாமே, நிஜமா?" என்று கேட்டிருந்தார். ஹெல்சின்கிக்குப் பக்கத்து ஊரான எஸ்போவில் பிள்ளை வளர்க்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் விவரமாக எழுதலாம் என்று தோன்றியது. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தகவல் எழுத்தறிவு, அதாவது தகவலைத் தேடி எடைபோடும் திறன், என்று கால அட்டவணையில் ஒரு பீரியடே கிடையாது. 2014 டிசம்பரில் தேசியக் கல்வி முகமை முடிவு செய்த அடிப்படைப் பாடத்திட்டம் 2016 ஆகஸ்டில் ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை நடைமுறைக்கு வந்தது, அப்புறம் ஏழு, எட்டு, ஒன்பது என்று வருஷத்துக்கு ஒரு வகுப்பாக 2019இல் முடிந்தது. அதில் எல்லாப் பாடங்களுக்கும் பொதுவாக ஏழு திறன்கள் சொல்லியிருக்கிறார்கள். நான்காவது, பன்முக எழுத்தறிவு. அதாவது எழுத்தோ படமோ வீடியோவோ எண்களோ, செய்தி எந்த உருவத்தில் வந்தாலும் படிக்கவும் எடைபோடவும் தானே உருவாக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஐந்தாவது, கணினியும் இணையமும். இவற்றைக் கணக்கு வாத்தியாரும் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஓவிய டீச்சரும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பூஜ்யத்திலிருந்து தொடங்காத கிராஃப் எப்படி ஏமாற்றும் என்பது கணக்கில் வரும், புகைப்படத்தின் ஓரத்தை வெட்டினால் கதை எப்படி மாறும் என்பது ஓவியத்தில் வரும். இதுதான் ஏற்பாடு.

நன்றாக நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு வரலாற்றில் மைனிலா சம்பவம் வந்தது. 1939 நவம்பர் 26, எல்லையில் இருந்த மைனிலா என்ற சோவியத் கிராமத்தின் மேல் பீரங்கிக் குண்டுகள் விழுந்தன, நான்கு பேர் செத்தார்கள், ஒன்பது பேருக்குக் காயம், சுட்டது பின்லாந்துதான் என்று மாஸ்கோ அறிவித்தது. நான்கே நாளில் சோவியத் படையெடுத்தது, அதுதான் குளிர்காலப் போர். டீச்சர் கதையைச் சொல்லவில்லை. சோவியத் வெளியுறவு அமைச்சர் மோலோதோவ் பின்லாந்துத் தூதரிடம் கொடுத்த கடிதம், பின்லாந்தின் பதில், எல்லைக் காவலர்கள் குண்டுச் சத்தம் கேட்ட திசையையும் நேரத்தையும் எழுதிவைத்த குறிப்பு, இந்த மூன்றையும் தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார். எழுதியவர் யார், அவருக்கு என்ன ஆதாயம், அந்த இடத்தில் இருந்தாரா, இதில் எதை வேறு வழியில் சரிபார்க்க முடியும் என்று பிள்ளைகள் பக்கத்தில் எழுத வேண்டும். தன் பீரங்கிகளை எல்லையிலிருந்து சுடும் தூரத்துக்கு அப்பால் முன்கூட்டியே பின்லாந்தின் ஃபீல்டு மார்ஷல் மன்னர்ஹைம் பின்வாங்க வைத்திருந்தார் என்ற தகவலை டீச்சர் கடைசியில்தான் கொடுத்தாராம். "இது முதலிலேயே தெரிந்திருந்தால் எல்லாரும் ரெண்டு நிமிஷத்தில் முடித்திருப்போம்" என்று மகளுக்குக் கோபம். எனக்கு அந்த டீச்சரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ஆனால் அதே பள்ளியில் பக்கத்து செக்‌ஷனில் வேறொரு டீச்சர். அங்கே புத்தகத்தில் இருந்த அரைப் பக்கத்தைப் படித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். பிப்ரவரியில் ஊடக எழுத்தறிவு வாரம் வரும், ஒரு போஸ்டர் ஒட்டுவார்கள், வீடியோ போடுவார்கள், முடிந்தது. என் கேள்வி இதுதான். முதலிடம் முதலிடம் என்கிறோமே, அது இந்த டீச்சருக்கா அந்த டீச்சருக்கா?

பழையவாத்தியார்:

தம்பி கார்த்தி, நல்ல பதிவு. முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு நடத்தியவன் என்பதால் அந்த மூன்று தாள் சமாச்சாரம் பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டு சந்தேகம்.

எல்லாரும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று விதி போட்டால், "அது அவர் நடத்தியிருப்பார்" என்று ஆளுக்கு ஆள் தள்ளிவிடுவார்கள். எங்களுக்கு நன்னெறிக் கல்வியில் இதே கதைதான் நடந்தது. அங்கே இதை யார் வந்து பார்க்கிறார்கள்? நம்ம ஊர் ஏ.இ.ஓ. மாதிரி பள்ளியை ஆய்வு செய்ய வரும் அதிகாரி யாராவது உண்டா?

இரண்டாவது. எதிரி சொன்ன பொய்யைப் பிள்ளைகள் கண்டுபிடிப்பதில் பெரிய வீரம் இல்லை. ரஷ்யா சொன்னது பொய் என்று வீட்டில் தாத்தாவே சொல்லியிருப்பார், பிள்ளை விடையை வைத்துக்கொண்டுதான் வகுப்புக்கே வரும். சொந்த நாடு சொன்ன பொய்யை இப்படி மூன்று தாளாக வைத்து நடத்துகிறார்களா?

தம்பெரேமாலா:

வாத்தியார் ஐயாவின் இரண்டு கேள்விக்கும் என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும். தம்பெரேயில் தகவலியல் ஆராய்ச்சி மாணவி நான், பள்ளிகளுக்கு அடிக்கடி போய் வருகிறேன்.

யார் வந்து பார்க்கிறார்கள் என்றால், யாரும் இல்லை. பள்ளி ஆய்வாளர் முறையை 1990களின் தொடக்கத்திலேயே எடுத்துவிட்டார்கள், பாடநூலுக்கு அரசு ஒப்புதல் தரும் முறையும் ஏறக்குறைய அதே காலத்தில் போனது. ஒன்பதாம் வகுப்பு முடியும் வரை நாடு முழுக்க ஒரே பொதுத்தேர்வு என்று எதுவும் கிடையாது, மதிப்பீட்டு மையம் அவ்வப்போது சில பள்ளிகளை மாதிரிக்கு எடுத்துச் சோதிக்கும், அவ்வளவுதான். தேசியப் பாடத்திட்டம் ஒரு சட்டகம், அதை வைத்து நகராட்சி தன் பாடத்திட்டத்தை எழுதும், பள்ளி அதை இன்னும் விரிக்கும், வகுப்புக் கதவைச் சாத்தியபின் ஆசிரியர் ராஜா. ஏறக்குறைய எல்லா ஆசிரியரும் முதுகலைப் பட்டம் படித்து ஆய்வேடு எழுதியவர்கள், அதனால் நம்பி விடுகிறார்கள். இந்த நம்பிக்கையால்தான் கார்த்தி அண்ணா சொன்ன அந்த டீச்சர் கிடைக்கிறார், பக்கத்து செக்‌ஷன் டீச்சரும் கிடைக்கிறார்.

வெளியே அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் சொல்கிறேன். பின்லாந்தின் பெரும்பாலான பள்ளிகளில் நூலகரோடு கூடிய நூலகம் கிடையாது. ஒரு அலமாரி, பழைய தொகுப்புகள், சில இடத்தில் அதுவும் இல்லை. மற்ற நாடுகளில் தகவல் தேடச் சொல்லிக்கொடுப்பது பள்ளி நூலகரின் வேலை, இங்கே அந்த ஆளே இல்லை. அந்த இடத்தைப் பொது நூலகம் நிரப்புகிறது. 2017 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த பொது நூலகச் சட்டத்திலேயே வாசிப்பை வளர்ப்பதும், தகவல் தேடவும் பயன்படுத்தவும் வழிகாட்டுவதும் நூலகத்தின் கடமை என்று எழுதியிருக்கிறது. பல ஊர்களில் இன்ன வகுப்பு இன்ன வருஷம் நூலகத்துக்கு வரும் என்று ஒப்பந்தம் மாதிரி வைத்திருக்கிறார்கள். ஹெல்சின்கியில் 2018 டிசம்பரில் திறந்த "ஓடி" என்ற நூலகத்தைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள், முப்பரிமாண அச்சுப்பொறி, தையல் மிஷின் எல்லாம் சரி. ஆனால் ஒரு சின்ன ஊர் நூலகத்தில் ஒரே ஒரு நூலகர் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்து, "கூகுளில் மேலே வருவது ஏன் மேலே வருகிறது?" என்று கேட்டுக்கொண்டிருப்பார், அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பணம் குறைந்தால் நகராட்சி முதலில் கைவைப்பதும் அங்கேதான்.

ஐயாவின் இரண்டாவது கேள்வி கொஞ்சம் சங்கடமானது, நல்ல கேள்வியும் அதுதான். இங்கே 1918இல் உள்நாட்டுப் போர் நடந்தது, தொழிலாளர் தரப்பின் சிவப்புப் படையும் அரசுத் தரப்பின் வெள்ளைப் படையும், ஜெயித்தது வெள்ளை. போரிலும் தண்டனையிலும் கைதி முகாம்களிலுமாக 36,000க்கு மேல் செத்தார்கள். தம்பெரேதான் முக்கியமான போர்க்களம். எங்கள் ஊர் வப்ரீக்கி அருங்காட்சியகத்தில் அதற்கென்றே ஒரு கண்காட்சி இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறார்கள். அங்கே இரண்டு தரப்பும் சொன்னதைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பல பத்தாண்டுகள் ஜெயித்த தரப்பின் கதை மட்டும்தான் பாடமாக இருந்தது என்பதையும் மறைப்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியோடு சேர்ந்து போரிட்டதைப் பற்றி, "வெள்ளத்தில் அடித்துச்செல்லப்பட்ட மரக்கட்டை போல நாங்கள் போனோம், வேறு வழியில்லை" என்று ஒரு விளக்கம் ரொம்ப நாள் ஓடியது. வரலாற்றாசிரியர்கள் அதை எப்போதோ உடைத்துவிட்டார்கள். மேல்நிலைப் பள்ளியில் இது விவாதத்துக்கு வருகிறது. எட்டாம் வகுப்பில் எத்தனை பேர் நடத்துகிறார்கள் என்றால், திரும்பவும் அந்த ஆசிரியரைப் பொறுத்தது.

தரவுப்புழு:

கார்த்தி ப்ரோ கேட்ட "முதலிடம் யாருக்கு" என்ற கேள்விக்கு நான் வருகிறேன், ஏனென்றால் இந்தப் பட்டியலைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

சுற்றிவரும் எல்லாக் கட்டுரைக்கும் மூலம் ஒன்றுதான். பல்கேரியாவில், சோஃபியாவில் இருக்கும் ஓப்பன் சொசைட்டி நிறுவனம் 2017 முதல் வெளியிடும் ஊடக எழுத்தறிவுக் குறியீடு. 2023இல் 41 நாடுகள், பின்லாந்து முதலிடம், அப்புறம் டென்மார்க், நார்வே, எஸ்தோனியா, ஸ்வீடன். சரி, எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? ஒரு பிள்ளையையாவது உட்காரவைத்து, "இந்தச் செய்தி பொய்யா மெய்யா" என்று கேட்டார்களா? இல்லை. பத்திரிகைச் சுதந்திரப் புள்ளிகளுக்கு 40 சதவீத எடை. பல நாடுகளில் 15 வயதுப் பிள்ளைகளுக்கு நடத்தும் பிசா தேர்வு மதிப்பெண்ணுக்கு 40, அதிலும் வாசிப்புக்கு மட்டும் 30. மிச்சம் 20இல் பட்டதாரிகளின் விகிதம், சக மனிதர்கள் மேல் நம்பிக்கை, அரசின் மின்வழிப் பங்கேற்பு. அவ்வளவுதான் குறியீடு. அதை உருவாக்கியவர்கள் நேர்மையாகவே சொல்கிறார்கள், பொய்ச் செய்தியை எதிர்த்து நிற்க ஒரு சமூகத்துக்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதன் மறைமுக அளவு இது என்று. அதைத் தூக்கிக்கொண்டு வந்து "பாடத்திட்டத்தின் வெற்றி" என்று தலைப்பு போடுவது பத்திரிகைக்காரர்களின் கைங்கர்யம்.

இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். அதிக எடை உள்ள அந்த பிசா வாசிப்பு மதிப்பெண்ணில் பின்லாந்து 2006இல் 547. 2009இல் 536, 2012இல் 524, 2018இல் 520, 2022இல் 490. வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஈசிடியின் சராசரி 476, அதைவிட மேலேதான், ஆனால் சரிந்த வேகத்தைப் பாருங்கள். 2022இல் அடிப்படை நிலைக்கும் கீழே இருந்தவர்கள் 21 சதவீதம். ஐந்தில் ஒரு பிள்ளைக்குச் சுமாரான நீளமுள்ள பத்தியிலிருந்து மையக் கருத்தை எடுக்கவே திணறல். அந்தப் பிள்ளையிடம் "மூலத்தைச் சரிபார்" என்று சொல்லி என்ன பயன்? எதை வைத்துச் சரிபார்க்கும்? பன்முக எழுத்தறிவு அமலுக்கு வந்த அதே காலத்தில்தான் ஒருமுக எழுத்தறிவு இறங்கியிருக்கிறது. ஒன்றால் மற்றது இறங்கியது என்று நான் சொல்லவில்லை, சரிவு 2016க்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது, எண்களிலேயே தெரிகிறது. ஆனால் பாடத்திட்டம் பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டது என்றும் சொல்லாதீர்கள்.

பனிக்கரடி77:

நாட்டு ஜனத்தொகையே 56 லட்சம். சென்னையைவிடக் குறைவு. இதையெல்லாம் ஒரு மாடல் என்று பேசுவதே டைம் வேஸ்ட்.

எஸ்போகார்த்தி:

பனிக்கரடி, மாடல் என்று யாரும் சொல்லவில்லை, அந்தச் செய்தி உண்மையா என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறோம். மேலே போய்ப் படியுங்கள்.

தரவுப்புழு, எண்களுக்கு நன்றி. ஆனால் பத்திரிகைச் சுதந்திரத்தையும் நம்பிக்கையையும் அப்படி ஓரமாகத் தள்ளிவிடாதீர்கள். ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் டிஜிட்டல் செய்தி அறிக்கையில், பெரும்பாலான செய்திகளை நம்பலாம் என்று சொன்னவர்கள் பின்லாந்தில் 2024இல் 69 சதவீதம், கணக்கெடுத்த நாடுகளிலேயே அதிகம். வகுப்பில் டீச்சர் "வேறு இடத்தில் சரிபார்" என்கிறார் என்றால், சரிபார்க்கப் போவதற்கு அந்த வேறு இடம் இருக்க வேண்டும் அல்லவா? இங்கே பொது ஒலிபரப்பு இருக்கிறது, தவறாகப் போட்டால் பத்திரிகை மன்றம் கண்டிக்கும், அந்தக் கண்டனத்தை அதே பத்திரிகை வெளியிட்டாக வேண்டும். மகள் ஒரு டிக்டாக் வீடியோவைச் சந்தேகப்பட்டுத் தேடினால் ஐந்து நிமிஷத்தில் உருப்படியான ஒரு செய்தி கிடைத்துவிடுகிறது. இது பள்ளி செய்த வேலை இல்லை, ஆனால் பள்ளிப் பாடம் பலிப்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று மொழி. உலகத்தில் ஐம்பது லட்சம் சொச்சம் பேர் மட்டும் பேசும் மொழி, அதுவும் பதினைந்து வேற்றுமை உருபுகளோடு. வெளியிலிருந்து வந்த மோசடிக் குறுஞ்செய்திகளும் பொய்ச் செய்திகளும் பல வருஷமாக எழுத்திலேயே மாட்டிக்கொள்ளும், உளறலாக இருக்கும், யாரும் சொல்லித்தராமலே பாட்டிகூடக் கண்டுபிடிப்பார். இப்போது செயற்கை நுண்ணறிவு வந்தபின் சுத்தமான ஃபின்னிஷில் வங்கி பேரில் செய்தி வருகிறது. மொழி இலவசமாகக் கொடுத்த பாதுகாப்பு போய்விட்டது, இனிமேல்தான் பள்ளிகளுக்கு நிஜப் பரீட்சை என்று நினைக்கிறேன்.

வான்தாசுபா:

கார்த்தி அண்ணா, மாலா அக்கா, நீங்கள் ரெண்டு பேரும் எழுதினதெல்லாம் வடிவாகத்தான் இருக்கு. ஆனால் நீங்கள் சொல்லுற பள்ளிக்கூடம் ஒரு பக்கம் மட்டும்தான். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, மொழி படித்து, இங்கே தாதி உதவியாளர் படிப்புக்குத் தொழிற்கல்லூரிக்குப் போனவள். ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு பத்தில் நாலு பிள்ளைகள் போலத் தொழிற்கல்விப் பக்கம்தான் போகினம். அங்கே தாய்மொழிப் பாடமும் பொதுப்பாடமும் மேல்நிலைப் பள்ளியோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். எங்களுக்குத் தொடர்பாடல் என்று ஒரு பகுதி இருந்தது. அதில் தகவல் தேடுவது என்பது ஒரு பிற்பகல் வகுப்பும் ஒரு சின்ன ஒப்படையும். "மூன்று மூலங்களைக் குறிப்பிடவும்" என்று போட்டிருந்தது. எல்லாரும் கூகுளில் வந்த முதல் மூன்றைப் போட்டோம். ஆசிரியை சரி என்று எழுதித் தந்தார். அந்த மூன்றும் ஒரே அறிக்கையில் இருந்து எடுத்தவை, ஒருத்தரும் கவனிக்கவில்லை.

இதை ஏன் சொல்லுறன் என்றால், நாளைக்கு வயதானவர்களின் மருந்துகளைக் கையில் எடுத்துக் கொடுக்கப் போற ஆட்கள் நாங்கள். தடுப்பூசி பற்றியும் மூலிகை பற்றியும் எங்களிடம்தான் கேட்கினம். அப்ப இந்தப் படிப்பு யாருக்கு அவசியம், மேல்நிலையில் இலக்கியம் படிக்கிறவைக்கா, எங்களுக்கா?

மற்றது, வெளிநாட்டில் இருந்து வந்த பிள்ளைகள். ஃபின்னிஷ் இரண்டாம் மொழியாகப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு கட்டுரையை விளங்கிக்கொள்ளவே நேரம் போயிடும், அதில் எழுதினவரின் உள்நோக்கத்தைக் கண்டுபிடி என்றால் என்ன செய்யும்? என் மகன் தமிழில் கேட்டால் அருமையாகச் சந்தேகப்படுவான். சித்தப்பா அனுப்புற ஃபார்வர்ட் எல்லாத்தையும் கிழிச்சுத் தொங்கவிடுவான். வகுப்பில் வாயே திறக்கிறதில்லை.

தம்பெரேமாலா:

சுபா, அந்த ஒப்படைச் சம்பவம் எங்கள் துறையில் எல்லாரும் தலையில் அடித்துக்கொள்ளும் விஷயம். மூலங்களை எண்ணுவது சுலபம் என்பதால் ஆசிரியர்கள் எண்ணுகிறார்கள், நீங்கள் சொன்ன "மூன்றும் ஒரே இடத்திலிருந்து" என்பதைப் பிடிக்க ஆசிரியரே திறந்து பார்க்க வேண்டும், முப்பது பேர் வகுப்பில் யார் திறப்பார்கள்.

மேல்நிலையில் ஓரளவு உருப்படியாக நடக்க ஒரு காரணம் உண்டு, அங்கே கடைசியில் தேர்வு இருக்கிறது. மேல்நிலை முடிவில் எழுதும் இந்த மெட்ரிகுலேஷன் தேர்வைப் படிப்படியாகக் கணினிக்கு மாற்றினார்கள், தாய்மொழித் தாள் 2018 இலையுதிர் பருவத்தில் மாறியது. அதில் எழுத்துத்திறன் தாளில் ஒரு தலைப்பும், கூடவே கட்டுரை, படம், வீடியோ, புள்ளிவிவரம் என்று ஒரு மூட்டை ஆவணங்களும் தருவார்கள். குறைந்தது இரண்டையாவது எடுத்துப் பயன்படுத்தி, யார் சொன்னது என்று சரியாகச் சுட்டி, சொந்த வாதத்தை எழுத வேண்டும். வெறுமனே ஒட்டினால் மதிப்பெண் போகும், கண்மூடி நம்பினாலும் போகும். இது தேர்வில் வருகிறது என்பதால் மூன்று வருஷமும் வகுப்பில் பழக்குகிறார்கள். தொழிற்கல்விப் பிள்ளைகளுக்கு அந்தத் தேர்வு கட்டாயம் இல்லை, அந்தப் பழக்கமும் இல்லை.

ஆனால் இதிலும் ஒரு ஓட்டை. தேர்வு நடக்கும்போது கணினியில் இணையம் கிடையாது, ஆவணங்களைத் தேர்ந்தெடுத்துத் தந்தவர்கள் தேர்வு வாரியத்தார். பிள்ளைகள் கொடுத்ததைப் படித்து எடைபோடப் பழகுகிறார்கள். கோடிக்கணக்கான பக்கங்களில் எதைத் திறப்பது, எதைத் தொடவே கூடாது என்று தீர்மானிப்பதுதான் பெரிய வேலை, அது தேர்வில் வர வழியே இல்லை.

பழையவாத்தியார்:

மாலா அம்மா, சுபா அம்மா, இரண்டு பேரும் எழுதியதைப் படித்தபின் எனக்கு ஒரு பயம். பிள்ளைகளுக்குச் சந்தேகப்படவே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தால் எதையும் நம்பாதவர்களாக ஆகிவிட மாட்டார்களா? "டாக்டர் சொல்கிறார், அவருக்கு என்ன ஆதாயம்?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? பூமி தட்டை என்கிறவனும் "மூலத்தைக் கேள்வி கேள்" என்றுதானே சொல்கிறான்.

தம்பெரேமாலா:

ஐயா, ஆகும். நீங்கள் பயப்படுவது சரி. அதனால்தான் இங்கே கொஞ்ச வருஷமாகப் பேச்சு மாறியிருக்கிறது. 2014இல் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலை ஒட்டித் தொடங்கிய ஃபாக்தாபாரி என்ற உண்மைச் சரிபார்ப்பு அமைப்பு பள்ளிகளுக்கு இலவசப் பாடப்பொருள் கொடுக்கிறது. அவர்கள் பிள்ளைகளிடம் கொடுப்பது மூன்றே கேள்வி. இதைச் சொல்கிறவர் யார், என்ன ஆதாரம் வைத்திருக்கிறார், மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் செய்த வேலையிலிருந்து எடுத்தவை. அங்கே வரலாற்றாசிரியர்களையும் மாணவர்களையும் தொழில்முறைச் சரிபார்ப்பாளர்களையும் ஒரே தளத்தின் முன்னால் உட்காரவைத்துப் பார்த்தார்கள். பேராசிரியர்களே அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கவனமாகப் படித்து, லோகோ நன்றாக இருக்கிறது, அடிக்குறிப்பு இருக்கிறது என்று ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தில் நிற்கவே இல்லை, உடனே நாலு புது டேப் திறந்து, இந்த அமைப்பை நடத்துவது யார் என்று வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

சந்தேகத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நம்பத் தகுந்ததைச் சீக்கிரம் கண்டுபிடித்து அதை நம்புவதுதான் இதன் முடிவு. துரதிர்ஷ்டம், பல பாடநூல்களில் இன்னும் "தளத்தில் எழுத்துப்பிழை இருக்கிறதா, தேதி இருக்கிறதா" என்ற பழைய பட்டியல்தான். இன்றைக்கு எந்த மோசடிக்காரர் எழுத்துப்பிழை விடுகிறார்?

தரவுப்புழு:

வாத்தியார் சார் கேட்டதை ஒட்டி ஒன்று. உண்மையிலேயே பிள்ளைகளைக் கணினி முன்னால் உட்காரவைத்து அளக்கிற சோதனை ஒன்று இருக்கிறது, ஐசில்ஸ், எட்டாம் வகுப்புக்கு. தகவல் தேடு, எது நம்பகமானது சொல், அதை வைத்து ஒன்று தயார் செய் என்று நிஜமாகவே வேலை கொடுப்பார்கள். சோஃபியாக் குறியீட்டைவிட இதைத்தான் நான் மதிப்பேன். பின்லாந்து 2018இல் 531, டென்மார்க்குக்கும் தென்கொரியாவுக்கும் அடுத்து. 2023இல் 507. பல நாடுகள் இறங்கியிருக்கின்றன, சராசரிக்கு நன்றாகவே மேலேதான் இருக்கிறது. ஆனால் 24 புள்ளி சின்ன விஷயம் இல்லை, செக் குடியரசும் போர்ச்சுகலும் லாத்வியாவும் 2023இல் பின்லாந்துக்கு மேலே இருக்கின்றன. இந்த எண் வெளியானபோது எந்த வாட்ஸப் குழுவிலும் வரவில்லை, கவனித்தீர்களா?

எஸ்போகார்த்தி:

கவனித்தேன். உள்ளூரில் மட்டும் கொஞ்சம் பேசினார்கள். பிசா, ஐசில்ஸ் இரண்டும் சேர்ந்து இங்கே காற்று வேறு பக்கம் அடிக்கத் தொடங்கிவிட்டது. ஹெல்சின்கிக்கு வடக்கே ரீஹிமாக்கி என்ற ஊர் பல வருஷம் மடிக்கணினியில் நடத்திவிட்டு 2024 இலையுதிர் பருவத்தில் அச்சுப் புத்தகத்துக்குத் திரும்பியது. 2025 ஆகஸ்டிலிருந்து வகுப்பு நேரத்தில் செல்போனைக் கட்டுப்படுத்தச் சட்டமே வந்துவிட்டது, டீச்சர் அனுமதித்தால்தான் எடுக்கலாம். பெற்றோர் கூட்டத்தில் எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். ஆனால் பிள்ளைகள் பொய்யைச் சந்திக்கும் இடம் அந்தப் போன்தான், அது பைக்குள் போய்விட்டால் வகுப்பில் எதை வைத்துப் பழகுவது? அச்சடித்த ஸ்க்ரீன்ஷாட்டை வைத்தா?

தம்பெரேமாலா:

அச்சடித்த ஸ்க்ரீன்ஷாட்டை வைத்தும் நடத்தலாம் அண்ணா, உங்கள் மைனிலா டீச்சர் மூன்று தாளை வைத்துத்தானே நடத்தினார். டீச்சர் அனுமதித்தால் பாடத்துக்குப் போனைப் பயன்படுத்தலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. இங்கே பற்றாக்குறை கருவிக்கு இல்லை. பெரும்பாலான ஆசிரியர்களுக்கு இதில் பணியிடைப் பயிற்சி கட்டாயம் இல்லை, விருப்பமுள்ளவர்கள்தான் போகிறார்கள், விருப்பமுள்ளவர்கள் ஏற்கனவே நன்றாக நடத்துகிறவர்கள். 2020 முதல் 2023 வரை புதிய எழுத்தறிவுகள் என்று ஒரு தேசியத் திட்டம் நடத்தினார்கள். எந்த வயதில் எது தெரிந்திருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதிவைத்தார்கள், நல்ல வேலை. ஆனால் அது வழிகாட்டுதல் மட்டும்தான். பயன்படுத்துகிற நகராட்சி பயன்படுத்துகிறது.

வான்தாசுபா:

பிள்ளைகளைப் பற்றியே எல்லாரும் கதைக்கிறீங்கள். நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்தில் ஒரு அம்மா, எண்பது வயது இருக்கும், முன்னாள் தபால் நிலைய அதிகாரி, வங்கி என்று சொல்லி வந்த குறுஞ்செய்தியை நம்பிக் கடவுச்சொல்லைக் கொடுத்திட்டா. ரெண்டு நாள் சாப்பிடவில்லை. வெட்கம். மகனிடம் சொல்லாதே என்று என் கையைப் பிடிச்சுக் கேட்டா. அவ பள்ளிக்கூடம் முடித்த காலத்தில் இந்தப் பாடத்திட்டமும் இல்லை, இணையமும் இல்லை. இவையளுக்கு யார் சொல்லிக்கொடுக்கினம்?

தம்பெரேமாலா:

சுபா, பெரியவர்களுக்கு என்று ஒரே அமைப்பு இல்லை, சிதறிக் கிடக்கிறது. நூலகங்களில் டிஜிட்டல் உதவி நேரம் என்று இருக்கும், போனை எடுத்துக்கொண்டு போனால் உட்கார்ந்து சொல்லித்தருவார்கள். மக்கள் கல்லூரிகளில் குறைந்த கட்டணத்தில் மாலை வகுப்பு உண்டு. மூத்தவர்களே மூத்தவர்களுக்குச் சொல்லித்தரும் சங்கங்கள் இருக்கின்றன, அவைதான் நன்றாக வேலை செய்கின்றன, தன் வயதுக்காரரிடம் கேட்க அவ்வளவு வெட்கம் இருப்பதில்லை. முதியோர் இல்லத்துக்கே வரச் சொல்லியும் கேட்கலாம். வான்தாவில் எந்த நூலகத்தில் எந்தக் கிழமை என்று விசாரித்து உங்களுக்குத் தனிமடலில் அனுப்புகிறேன். அந்த அம்மா வங்கிக்கும் காவல்துறைக்கும் சொல்லிவிட்டாரா? இல்லையென்றால் முதலில் வங்கிக்கு போன் போடச் சொல்லுங்கள், இன்றைக்கே.

வான்தாசுபா:

வங்கிக்கு அண்டைக்கே நான் பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தனான், கணக்கை முடக்கிட்டினம். காவல்துறை மிச்சம். மகனுக்குத் தெரியாமல் அந்தப் படிவத்தை நிரப்ப ஏலுமா என்று கேட்டுச் சொல்லுங்கோ அக்கா.